வண்டி போனால் வருகிறேன்

பெங்களூர்
4.8.2024

பசுமலை வீட்டில் வண்டியோடு தனியாக இருக்கும் ஹாலாஸ்யம் அவர்களுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. வண்டி பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்கு என்ன குறை.

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுவது என் ஆசை இல்லை, நம் பெண் ராஜஸ்ரீயின் உத்தரவு. போன வாரம் நாம் போனில் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட்காரர் வந்து மணி அடித்துவிட்டார். "அம்மா, இனிமே அப்பாகிட்ட போன்ல பேசக் கூடாது. சண்டை போடணும்னா எழுதிப் போடு, எழுதறதுக்குள்ள பாதி கோபம் அடங்கிடும்" என்றாள். மாப்பிள்ளை சாய்ராம் அன்று சாயங்காலமே ஒரு கட்டு தபால் உறை வாங்கி வந்தார். கட்டின் கனத்தைப் பார்த்தால் நான் பொங்கல்வரை இருப்பேன் என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

ஆடி மாதத்தில் புதுப்பெண்தான் புருஷனைப் பிரிந்து போவாள். அறுபத்தெட்டு வயதில் நான் வந்திருக்கிறேன். கோபத்துக்குக் காரணம் உருளி என்று உங்களுக்கு நினைப்பு. ஆடிவெள்ளிக்குப் பாயசம் வைக்கலாம் என்று என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த வெண்கல உருளியை எடுக்கப் போனால், அதில் கெரசினை ஊற்றி வண்டியின் துருப்பிடித்த போல்ட்டுகளை ஊறவைத்திருக்கிறீர்கள். "ஏன்னா, என்ன இது" என்று கேட்டால், "இவ்வளவு அகலமா வேற பாத்திரம் இல்லையே" என்று பதில். போகட்டும், அதைக்கூடப் பொறுத்திருப்பேன்.

காரணம் என் முழங்கால். மாடிப்படி ஏற முடியவில்லை என்று நான் சொல்ல ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. வண்டி நிற்கிற கொட்டகையை எடுத்துவிட்டுக் கீழேயே ஒரு படுக்கையறை கட்டுவோம் என்றேன். சரி என்றீர்கள். அடுத்த மாதம் வண்டியைச் சரிசெய்து விற்றுவிடுகிறேன் என்றீர்கள். அந்த அடுத்த மாதம் இன்னும் பிறக்கவில்லை. அறுபத்திரண்டாம் வருஷத்து ஜீப் வேகன், நாலு சக்கரமும் இழுக்கும், மதுரையில் இப்படி ஒன்று கிடையாது என்பதெல்லாம் வாஸ்தவம். பன்னிரண்டு வருஷமாக அந்த நாலு சக்கரமும் சேர்ந்து ஓர் அடி இழுக்கவில்லை. ஹாரன் ஓடிய காலத்திலேயே அடித்ததில்லை. குறுக்கே யாராவது வந்தால் நான்தான் தலையை வெளியே நீட்டிக் கத்துவேன்.

என் பேச்சு ஒன்றுதான். வண்டி போனால் நான் வருகிறேன்.

ஜகதாம்பாள்

சாம்பார்ப் பொடி மேல் தட்டில் நீல டப்பாவில் இருக்கிறது.


பசுமலை, மதுரை
11.8.2024

சௌபாக்கியவதி ஜகதாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பின்கோடைத் தப்பாக எழுதியிருக்கிறாய். ஆயுசு முழுக்கத் தபால் இலாகாவில் உழைத்தவன் பெண்டாட்டி செய்கிற காரியமா இது. நல்லவேளை, தபால்காரர் பாண்டியராஜனுக்கு உன் கையெழுத்து தெரியும். "ஐயா, அம்மா ஊர்ல இல்லையா?" என்று கேட்டார். பேத்திக்குப் பரீட்சை என்றேன். ஆகஸ்டில் என்ன பரீட்சை என்று அவர் கேட்கவில்லை. நாகரிகமான மனிதர்.

நீல டப்பாவில் இருந்தது சீயக்காய். சாம்பார் கொதித்து நுரை தள்ளிய பிறகுதான் தெரிந்தது.

வண்டிக்கு விளம்பரம் கொடுத்துவிட்டேன். ஆடி முடியட்டும் என்று காத்திருந்தால் நீ சாக்கு என்பாய். வாசகத்தை அப்படியே எழுதுகிறேன்: "விற்பனைக்கு, 1962 ஜீப் வேகன். நாலு சக்கரமும் இழுக்கும். தரைத்தகடு ஓட்டை. பிரேக் இல்லை. எஞ்சினைப் பிரித்துத்தான் எழுப்ப வேண்டும். உதிரிப் பாகம் கிடைப்பது துர்லபம். வாங்குகிறவருக்குப் பொறுமை, படிப்பு, குடும்பத்தின் சம்மதம் அவசியம்." இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் பைபாஸ் ரோட்டில் ஓட்டல் வைத்திருக்கிறான். கூரையை அறுத்துவிட்டு உள்ளே பரோட்டாக் கல் போடுவானாம். போய்ட்டு வாப்பா என்றேன். இன்னொருவர் கல்யாணப் போட்டோ எடுக்கிறவர். பெண்ணும் மாப்பிள்ளையும் சாய்ந்து நிற்க வேண்டுமாம், ஓட வேண்டிய அவசியமே இல்லையாம். "துருவ மட்டும் தொடாதீங்க சார், இப்ப அதுக்குத்தான் மவுசு" என்றார். அவரையும் அனுப்பிவிட்டேன். ஓட்டுவதற்கு வாங்குகிறவனுக்குத்தான் கொடுப்பேன். அது ஓடப் பிறந்த வண்டி.

உருளியைப் புளி போட்டு மூன்று தரம் தேய்த்தேன். பளபள என்று இருக்கிறது. வாசனைதான் போகவில்லை.

ஹாலாஸ்யம்


பெங்களூர்
18.8.2024

ஹாலாஸ்யம் அவர்களுக்கு,

விளம்பரத்தை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். "இது விக்க எழுதினது இல்லைம்மா, விரட்ட எழுதினது" என்றார். எனக்கு அதில் ஒரு சந்தேகம். வாங்குகிறவனுக்குக் குடும்பத்தின் சம்மதம் அவசியம் என்கிறீர்களே, வைத்திருக்கிறவனுக்கு வேண்டாமா?

இங்கே லிஃப்ட் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் மேலே போகிறேன், அமுக்கினால் கீழே வருகிறேன். முழங்கால் நிம்மதியாக இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிய நாம் சண்டை போட வேண்டியிருக்கிறது. மல்லிகைப்பூ என்று ஒன்றை விற்கிறார்கள். நிறம் மட்டும்தான் மல்லிகை. இன்று தலையில் வைத்துக்கொண்டு, வாசனை வருகிறதா என்று பேத்தியைக் கேட்டேன். "ஷாம்பு வாசனை வர்றது பாட்டி" என்றாள்.

நவராத்திரி வரப்போகிறது. நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து கொலு நின்றதே இல்லை. அப்பா காலமான வருஷம்கூட ஒரு படியாவது வைத்தேன். இந்த வருஷம் நின்றுபோனால் எனக்கு ஆறவே ஆறாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டல்காரனோ போட்டோக்காரரோ, யாருக்காவது கொடுங்கள்.

ஜகதாம்பாள்


பசுமலை
1.9.2024

சௌபாக்கியவதி ஜகதாவுக்கு,

வண்டிக்கு ஆள் கிடைத்துவிட்டது. இரண்டு தடங்கல் இருக்கிறது. முதலில் நல்ல சேதி.

பெயர் முத்திருளன். சம்சாரம் சின்னத்தாயையும் அழைத்து வந்திருந்தார். "பொறுமை, படிப்பு, குடும்ப சம்மதம்னு போட்டிருந்தீக. படிப்பு எனக்கு எட்டாப்புதான். மத்த ரெண்டும் இருக்கு, நீங்களே கேட்டுக்கங்க" என்று அந்த அம்மாளை முன்னால் நிறுத்தினார். எதற்கு வண்டி என்று கேட்டேன். "திருமங்கலத்துக்குத் தெக்க நமக்கு மல்லித் தோட்டம்யா. கரிசக்காடு. மழை பேஞ்சா செருப்பையே உருவிக்கிரும், லோடு ஆட்டோ புதைஞ்சு நிக்கும். விடியமுன்ன மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரலைன்னா அம்புட்டுப் பூவும் மலர்ந்து வீணாப் போயிரும். நாலு சக்கரமும் இழுக்கும்னு போட்டிருந்தீகளே, நெசந்தானா?"

ஜகதா, இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் மனிதர் அவர். இரண்டு பேரும் வண்டிக்கடியில் படுத்துவிட்டோம். சின்னத்தாய் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உசரமா, நல்லா இருக்கு" என்றாள். விலையும் ஒரே பேச்சில் முடிந்தது. உன் அறைக்குப் போதும்.

இனித் தடங்கல். எப்படி வெளியே எடுப்பது என்று கயிறு போட்டு அளந்தார் முத்திருளன். கேட், வண்டியை விட ஒரு சாண் குறைவு. வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு நீ கேட்டை ஈசானிய மூலைக்கு மாற்றினாயே, அப்போது வண்டி உள்ளேதான் நின்றுகொண்டிருந்தது. அகலத்தைக் குறைத்தால் லட்சுமி வெளியே போகமாட்டாள் என்றார் அவர். லட்சுமியோடு வண்டியும் போக முடியாது என்பது நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஆக, வண்டியைப் போகச் சொல்கிறவளும் நீ, அதை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பினவளும் நீ.

சுவரை இடித்துக்கொள்ளலாம் என்கிறார் முத்திருளன். அது சின்ன விஷயம். பெரிய விஷயத்தைச் சின்னத்தாய் சொன்னாள். "மாடு வாங்குனா அந்த வீட்டம்மா கையாலதான் கயித்த வாங்குவோம். அது தின்ன தீனியில ஒரு பிடியும் சேத்துக் குடுப்பாக. வண்டி மட்டும் என்ன வேற சாதியா? அம்மா வந்து சாவியக் குடுக்கட்டும், எடுத்துக்கிறோம். வீட்டம்மா மனசு குளுந்து குடுக்காதது எங்க வீட்டுல தங்காது." எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை.

வண்டி போனால் நீ வருவாய். நீ வந்தால்தான் வண்டி போகும். நான் என்ன செய்யட்டும்?

ஹாலாஸ்யம்


பெங்களூர்
8.9.2024

ஹாலாஸ்யம் அவர்களுக்கு,

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்துக்கொண்டே உங்கள் கடிதத்தை ராஜஸ்ரீயைப் படிக்கச் சொன்னேன். கேட் விஷயம் வந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் பூரணம் கீழே கொட்டியது. எனக்குக் கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இதை எழுதவேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஆனால் அந்த மாட்டுக் கயிறு கதையை நான் நம்பவில்லை. அந்த அம்மாளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே? என்னை வரவழைத்துவிட்டால், வந்தவள் எங்கே திரும்பிப் போகப்போகிறாள், வண்டியும் மூலையில் கிடக்கட்டும் என்று கணக்கு. கல்யாணமான புதிதில் ஜுரம் என்று தந்தி அடித்து என்னைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தவர்தானே நீங்கள். தபால் இலாகாவின் தந்தியில் தபால் இலாகாக்காரரே பொய் சொன்னார்.

சொன்ன சொல்லை நான் மாற்றமாட்டேன். வண்டி இதுவரைக்கும் தின்றது என்ன, கெரசின்தானே. ஒரு புட்டி கெரசினை நீங்களே கொடுத்து அனுப்புங்கள்.

ஜகதாம்பாள்


பசுமலை
16.9.2024

ஜகதா,

தந்தி விஷயம் உண்மை. இது அப்படி இல்லை. சின்னத்தாயின் போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். என்னோடுதான் பேசக் கூடாது, அவளோடு பேசலாமே.

உன் கடிதம் வந்த அன்று, மாடிப்படியில் கடைசிப் படி என்று நினைத்துக் காலை வைத்தேன். அது கடைசிக்கு முந்தின படி. கணுக்கால் பிசகிவிட்டது. பயப்படாதே, எலும்புக்கு ஒன்றுமில்லை. கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆனால் மாடி ஏற முடியவில்லை. முதல் நாள் உட்கார்ந்து உட்கார்ந்தே ஒவ்வொரு படியாக ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்த பிறகு கண்ணாடி கீழே இருப்பது ஞாபகம் வந்தது. அப்போது உன்னை நினைத்தேன். நாலு வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனை தரம் நீ ஏறி இறங்கினாய், நான் எதற்கெல்லாம் உன்னை மேலே கூப்பிட்டேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாளிலிருந்து கொட்டகையில், வண்டியின் பின்பக்கம் மெத்தை போட்டுப் படுக்கிறேன். சிரிக்காதே. படுத்துப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, நம் வீட்டிலேயே நல்ல காற்று வருகிற இடம் அதுதான். தெற்கே ஒரு ஜன்னல் வைத்தால் மலை தெரியும். கட்டில் எங்கே, உன் பூஜை அலமாரி எங்கே என்று சாக்கட்டியால் தரையில் கோடு போட்டுவிட்டேன். வண்டிக்கடியில் போட முடியாத கோடு பாக்கி இருக்கிறது.

எனக்கு இப்போது வண்டி போக வேண்டும். நிஜமாகவே போக வேண்டும். அதற்கு முன்னால் நீ வரவேண்டும். வீட்டில் பேச ஆள் இல்லை ஜகதா. சண்டை போடவும் ஆள் இல்லை. பாண்டியராஜன் தபால் இல்லாத நாளிலும் பாவப்பட்டு வந்து நின்றுவிட்டுப் போகிறார்.

ஹாலாஸ்யம்


பெங்களூர்
22.9.2024

ஹாலாஸ்யம் அவர்களுக்கு,

கால் பிசகினதைக் கடிதத்தில் எழுதி, ஐந்து நாள் கழித்துத் தெரிவிக்கிற மனிதர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். ராஜஸ்ரீ தன் உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டு போனை நீட்டினாள். நான்தான் வேண்டாம் என்றேன். பேசினால் அழுதுவிடுவேன்.

சின்னத்தாயோடு பேசினேன். வெகுநேரம் பேசினோம். கயிறு கதை உண்மைதான். வீட்டம்மா மனசில்லாமல் சண்டையோடு கொடுத்த ஒரு பசுவை அவர்கள் வாங்கி, அது மூன்றாம் நாளே கயிற்றை அறுத்துக்கொண்டு பழைய தொழுவத்துக்குப் போய்விட்டதாம். "வண்டிக்குக் காலு இல்ல, சக்கரந்தான் இருக்கு. அதுவும் நாலும் இழுக்குமாம்ல. எந்திரிச்சுப் போயிட்டா நாங்க என்ன பண்ண?" என்று கேட்டாள். 

முப்பதாம் தேதி காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். சொன்ன சொல் போனால் போகட்டும். கொலு பொம்மைகளைப் பரணிலிருந்து நீங்கள் இறக்கக் கூடாது, காலைத் தரையில் வையுங்கள் போதும். விஜயதசமி அன்று என் கையால் சாவி கொடுக்கிறேன்.

உருளியை இனித் தேய்க்கவேண்டாம். அந்தப் போல்ட்டுகளை மறுபடி அதிலேயே போட்டு வையுங்கள். வண்டி தின்ற பாத்திரம் வண்டியோடு போகட்டும்.

ஜகதாம்பாள்


முத்திருளன் தோட்டம், திருமங்கலம் வழி
20.10.2024

என் ஜகதாவுக்கு,

போனில் கூப்பிட்டால் "எப்போ வரேள்" என்று கேட்பாய். அதனால் கடிதம்.

வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்தபோது, கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று நானும் ஏறிக்கொண்டதுவரைதான் நீ பார்த்தாய். இங்கே மெக்கானிக் அழகுபாண்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயா, எது எதோட சேரும்னு நீங்க சொன்னாத்தான் ஆகும். ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க" என்றான். அந்த இரண்டு நாள் நீண்டுகொண்டே போகிறது. உருளியிலிருந்த போல்ட் அத்தனையும் அதன் அதன் இடத்துக்குப் போய்விட்டது. ஒன்று மட்டும் மிச்சம். அது எந்த இடத்துப் போல்ட் என்று தெரியாமல் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முந்தாநாள் எஞ்சின் உயிர் பிடித்தது. புகையில் எதிரில் நின்ற அழகுபாண்டியையே காணவில்லை. நேற்று நல்ல மழை. இன்று விடியற்காலை பூ மூட்டைகளை ஏற்றினோம், ஓட்டினது நான். வாய்க்கால் ஓரத்தில், லோடு ஆட்டோ எப்போதும் புதையுமே அந்தப் பள்ளத்தில், முத்திருளன் என்னைப் பார்த்தார். நான் நாலு சக்கரத்துக்கும் உரிய சின்னக் கியரைத் தள்ளினேன். ஜகதா, நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தது. சேறு கூரைவரை தெறித்தது. ஏறி மேட்டுக்கு வந்ததும் சின்னத்தாய் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து குலவை போட்டாள். இந்த வயதில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

நீ அன்றைக்கு மஞ்சள் தடவிச் சாவியையும் உருளியையும் அவள் கையில் கொடுத்தபோது எனக்கு அழுகை வந்தது. நீ பார்த்தாய். பார்க்காத மாதிரி கொலுவில் மரப்பாச்சியை நேராக்கப் போனாய். அதற்கு நான் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

உருளியில் இப்போது சின்னத்தாய் தண்ணீர் விட்டு மல்லிகையை மிதக்க விட்டிருக்கிறாள். கெரசின் வாசனை போயே போய்விட்டது என்கிறாள். எனக்கு லேசாக வருகிறது. 

பிரேக் மட்டும் பாக்கி.

ஹாலாஸ்யம்


பசுமலை
26.10.2024

அன்புள்ள உங்களுக்கு,

வண்டி போனால் வருகிறேன் என்று சொன்னேன். நான் வந்தேன், வண்டி போனது, வண்டியோடு நீங்களும் போய்விட்டீர்கள். ராஜஸ்ரீயிடம் சொன்னால், "இப்ப நீ அப்பாவுக்கு விளம்பரம் குடும்மா" என்கிறாள். வாசகம்கூட யோசித்துவிட்டேன். பழைய மாடல், காது மந்தம், பொறுமை அவசியம்.

கொத்தனார் பீமாராவ் அறைக்கு அஸ்திவாரம் தோண்டிவிட்டார். நீங்கள் சாக்கட்டியில் போட்ட கோட்டின்மேலேயேதான். வண்டிக்கடியில் விட்டுப்போன கோட்டை நான் போட்டேன். தெற்கு ஜன்னல் நீங்கள் சொன்ன இடத்தில் வருகிறது. நேற்று அங்கே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்தேன். மலை தெரிகிறது. காற்றும் வருகிறது. வண்டிக்கு மட்டும் இத்தனை வருஷம் அந்தக் காற்றைக் கொடுத்தீர்களே என்று கொஞ்சம் கோபமும் வந்தது.

சாயங்காலம் பீமாராவ் வந்து, இடித்த சுவரை என்ன செய்ய என்று கேட்டார். "பழையபடி அடைச்சு, அதே சின்ன கேட்ட மாட்டிரவாம்மா?" நான் வேண்டாம் என்றேன். இடித்த அகலம் அப்படியே இருக்கட்டும், இரண்டு கதவு வைத்துப் பெரிய கேட்டாகப் போடு என்றேன். "வாஸ்துப்படி கொறச்சதாச்சேம்மா, லச்சுமி போயிருமே" என்று இழுத்தார். "அவ போனா போகட்டும், இந்த வீட்டு மனுஷர் திரும்பி வரணும்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அளவு எடுத்துக்கொண்டு போனார்.

சின்னத்தாயிடம் பேசினேன். பிரேக் நீங்கள் கடிதம் எழுதியதற்கு முந்தின நாளே சரியாகிவிட்டதாம். எழுதுகிறபோது அதை மறந்துவிட்டீர்களாக்கும். தீபாவளிக்கு முதல் நாள் கடைசி லோடு, அதை நீங்களே ஓட்டி வருகிறீர்கள் என்றாள். அவளும் முத்திருளனும் கூட வருகிறார்கள், இரண்டு பேருக்கும் இங்கேதான் காலைச் சாப்பாடு என்று சொல்லியாயிற்று. மாட்டுத்தாவணியில் பூவை இறக்கிவிட்டு வேறெங்கும் போகாமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். ஒரு கை மல்லிகை எடுத்து வையுங்கள். கெரசின் வாசனை அடித்தாலும் பரவாயில்லை, வைத்துக்கொள்கிறேன்.

வாசலில் வந்து ஹாரனைத் தேட வேண்டாம். அது அடிக்காது என்று எனக்குத் தெரியும். கேட் திறந்தே இருக்கும்.

ஜகதா